அம்மாவின் தோலில் கொப்புளம்: செல்களின் பிடி விட்டால் என்ன ஆகிறது?

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 52 வயது. பட்டுப்புழு வளர்க்கிறோம். ஆறேழு மாதமாக அம்மாவுக்கு வாயில் புண். சூடு, அல்சர் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள், பி காம்ப்ளக்ஸ் மாத்திரையும் மணத்தக்காளிக் கீரையுமாக ஓட்டிவிட்டோம். போன மாதம் மார்பிலும் முதுகிலும் கொப்புளம் வந்தது. அக்கி என்று நினைத்து எழுதிப் பார்த்தோம், கேட்கவில்லை. தோல் டாக்டர் சதை எடுத்து டெஸ்ட் செய்து பெம்ஃபிகஸ் என்றார். "தோல் செல்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கிற பிடியை உடம்பே அறுக்கிறது" என்றார். கூட்டமாக இருந்ததால் அதற்கு மேல் கேட்க முடியவில்லை. நான் பிளஸ் டூவில் பயாலஜி படித்தவள், விளக்கமாகவே சொல்லுங்கள். செல்கள் எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, உடம்பு ஏன் அதை அறுக்கிறது? இது ஒட்டுமா? அத்தை அம்மாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிட்டார், என் இரண்டு வயதுப் பையனை அம்மா மடியில் உட்காரவே விடுவதில்லை. ஸ்டீராய்டு மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்கிறார்களே, நிறுத்திவிடலாமா? இதயத்திலும் இதே மாதிரி இணைப்பு இருப்பதாகப் படித்தேன், அதுவும் கெட்டுப்போகுமா? சித்தி மகனின் குழந்தைக்குப் பிறவியிலேயே காது கேட்காது, அதுவும் செல் இணைப்புக் கோளாறு என்று சொன்னார்களாம். எங்கள் குடும்பத்துக்கே இது பரம்பரை நோயா?

பதில்: முதலில் பையனை ஆயா மடியில் உட்கார வையுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். பெம்ஃபிகஸ் தொட்டால் ஒட்டாது, எச்சில் பட்டால் ஒட்டாது, கொப்புளத் தண்ணீர் கையில் பட்டாலும் ஒட்டாது. கிருமியால் வருகிற நோயே இல்லை இது. அத்தை கெட்ட எண்ணத்தில் தட்டைப் பிரித்து வைத்திருக்க மாட்டார், கொப்புளம் என்றாலே அம்மை, அம்மை என்றாலே ஒதுக்கி வைப்பது என்று நம் பக்கத்தில் காலம் காலமாகப் பழகிவிட்டது. ஆனால் வாயெல்லாம் புண்ணோடு ஒரு வாய் கூழுக்குத் தவிக்கிற மனுஷியிடமிருந்து பேரனையும் பிரித்தால் அவர் எப்படித் தாங்குவார்? இந்தப் பதிலை அத்தைக்கு வாசித்துக் காட்டுங்கள்.

சரி, செல்களுக்கு வருவோம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் ஒட்டுமா, ஏன் வாயில் ஆரம்பித்தது, மாத்திரையை ஏன் நிறுத்தக் கூடாது என்று நீங்கள் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் அதிலேயே இருக்கிறது.

ரத்தத்தில் மிதக்கிற செல்கள் மாதிரி சிலவற்றைத் தவிர, உடம்பில் பெரும்பாலான செல்கள் பக்கத்துச் செல்லோடு ஏதோ ஒரு விதத்தில் இணைந்துதான் இருக்கின்றன. அந்த இணைப்பும் ஒரே ரகம் இல்லை, அந்தந்த இடத்தின் வேலைக்குத் தகுந்த மாதிரி மாறும். குடலின் உள்பக்கம் இரண்டு செல்லுக்கு நடுவே எதுவும் கசிந்துவிடக் கூடாது, அதனால் அங்கே மேல் ஓரத்தில் டைட் ஜங்ஷன் என்கிற இறுக்கமான இணைப்பு சுற்றிவர இருக்கும், கிளாடின், ஆக்லூடின் என்ற புரதங்கள் அதைச் செய்கின்றன. இதயத் தசையில் ஒரு செல்லின் மின் சைகை அடுத்த செல்லுக்கு நொடியில் போக வேண்டும், அங்கே கேப் ஜங்ஷன் என்று ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்கு நேராகத் திறக்கிற நுண்ணிய குழாய்கள். தோலின் வேலை வேறு. காலையில் எழுந்ததிலிருந்து தேய்ப்பு, இழுப்பு, சுமை, வியர்வை என்று அதன் மேல் விழுகிற இழுவைக்குக் கணக்கே இல்லை. உங்கள் அம்மா மல்பெரித் தழையைக் கட்டி இடுப்பில் ஏற்றும்போது அந்த இடத்துத் தோல் எவ்வளவு இழுபடும் என்று யோசித்துப் பாருங்கள், ஆனாலும் கிழிவதில்லை. அதற்குக் காரணமான இணைப்பின் பெயர் டெஸ்மோசோம். உங்கள் அம்மாவின் டாக்டர் சொன்ன பிடி இதுதான்.

இந்த டெஸ்மோசோம் இருக்கிற இடத்தை 19ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியைச் சேர்ந்த பிட்ஸோஸெரோ சாதாரண மைக்ராஸ்கோப்பில் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பார்த்துவிட்டார். ஆனால் அது என்ன, உள்ளே எப்படி இருக்கிறது என்று தெளிவாகத் தெரிய எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வர வேண்டியிருந்தது. 1963ல் மெரிலின் ஃபார்க்குவாரும் ஜார்ஜ் பலாடியும் பக்கத்துப் பக்கத்துச் செல்களின் ஓரத்தில் எந்த இணைப்பு மேலே, எந்த இணைப்பு கீழே என்று வரிசையாகப் படம் பிடித்துக் காட்டினார்கள்.

டிச் பட்டன் பார்த்திருப்பீர்களே, ஜாக்கெட்டில் வைப்பது, டெஸ்மோசோம் கிட்டத்தட்ட அதுதான். இரண்டு பக்கத் துணியிலும் ஒவ்வொரு பாதி, இரண்டும் நடுவில் சேர்ந்து பிடித்துக்கொள்ளும், ஒவ்வொரு பாதியும் அதனதன் துணியோடு நூலால் தைக்கப்பட்டிருக்கும். நூல் இல்லாமல் பட்டனைத் துணியில் சும்மா ஒட்டியிருந்தால் முதல் இழுப்பிலேயே பிய்ந்து வந்துவிடும் இல்லையா? செல்லிலும் அப்படியே. வெளியே நீட்டிக்கொண்டு எதிர்ச் செல்லின் பாதியைப் பிடிப்பவை டெஸ்மோக்ளீன், டெஸ்மோகாலின் என்ற புரதங்கள். செல் சவ்வை ஒட்டி உள்பக்கம் தகடு மாதிரி பிளாக்கோகுளோபின், டெஸ்மோபிளாக்கின் இருக்கின்றன. அந்தத் தகட்டிலிருந்து செல்லுக்குள் முழுக்க ஓடுகிற நூல் கெரட்டின், நம் முடியிலும் நகத்திலும் இருக்கிற அதே வகைப் புரதம். அப்படியென்றால் தோலை ஒரு இடத்தில் இழுத்தால் அந்த இழுவை ஒரு செல்லின் மேல் மட்டும் விழுவதில்லை, கெரட்டின் வழியாக டெஸ்மோசோம், அங்கிருந்து அடுத்த செல்லின் கெரட்டின் என்று நூற்றுக்கணக்கான செல்கள் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொரு டெஸ்மோசோமும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறியது. அவ்வளவு சின்னது இவ்வளவு சுமை தாங்குகிறது என்பதை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு ஆச்சரியம் தீர்வதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இந்தப் பிடி ஒரு தடவை போட்டால் அப்படியே கிடப்பதில்லை. தோலின் அடி வரிசையில் பிறக்கிற செல் மெல்ல மெல்ல மேலே வந்து, ஏறக்குறைய ஒரு மாதத்தில் அழுக்கோடு உதிர்ந்து போகிறது. அந்தப் பயணம் முழுக்கப் பழைய பிடியை விட்டுப் புதுப் பிடி போட்டுக்கொண்டே போக வேண்டும். அம்மாவுக்குப் புண் ஆறும் என்று நான் தைரியமாகச் சொல்வதும் இதனால்தான், செல்கள் புதுப் பிடி போடத் தயாராகவே இருக்கின்றன, தடுக்கிறதை நிறுத்தினால் போதும்.

டெஸ்மோக்ளீன் சேர்ந்த குடும்பத்துக்குக் கேடெரின் என்று பெயர், ஜப்பானிய விஞ்ஞானி மசதோஷி டகெய்ச்சி கண்டுபிடித்தது. இந்தக் குடும்பம் பிடித்துக்கொள்ளக் கால்சியம் வேண்டும், ஆய்வுக்கூடத்தில் செல்களைச் சுற்றியுள்ள கால்சியத்தை எடுத்துவிட்டால் பிடி விட்டுச் செல்கள் பிரிந்துவிடும். இதைப் படித்ததும் "அப்படியா, அம்மாவுக்கு எழுதிக் கொடுத்த கால்சியம் மாத்திரை அதற்குத்தானா" என்று தோன்றும். அதற்கு இல்லை. அம்மாவின் ரத்தத்தில் பிடிக்குத் தேவையான கால்சியம் இருக்கும், பிரச்சினை அங்கே இல்லை. ஸ்டீராய்டு பல மாதம் சாப்பிட்டால் எலும்பு பலவீனமாகும், அதைத் தடுக்கத்தான் கால்சியமும் வைட்டமின் டி-யும் எழுதுவோம். தவறாமல் கொடுங்கள், ஆனால் கால்சியம் கூடக் கொடுத்தால் கொப்புளம் ஆறும் என்று நினைத்து அளவைக் கூட்டாதீர்கள்.

இப்போது உடம்பு ஏன் அறுக்கிறது என்பதற்கு வருகிறேன். கிருமி வந்தால் அதைப் பிடிக்க நம் ரத்தத்தில் ஆன்டிபாடி என்ற புரதம் உண்டாகும், படித்திருப்பீர்கள். சிலருக்கு அது கிருமியை விட்டுவிட்டுச் சொந்த உடம்பின் ஒரு புரதத்தையே அந்நியம் என்று நினைத்துப் பிடிக்க ஆரம்பிக்கிறது. பெம்ஃபிகஸில் அது பிடிப்பது டெஸ்மோக்ளீன். பட்டனின் இரண்டு பாதி சேர வேண்டிய இடத்திலேயே ஆன்டிபாடி போய் உட்கார்ந்துகொள்கிறது, அதோடு நிற்காமல், டெஸ்மோக்ளீனைச் செல்லே உள்ளே இழுத்துக்கொள்ளும்படியும் செய்துவிடுகிறது. பிடி விட்ட இடைவெளியில் நீர் கோத்துக்கொள்கிறது, அதுதான் கொப்புளம். இந்த நோயாளிகளின் ரத்தத்தில் தோல் செல்களுக்கு எதிரான ஆன்டிபாடி இருப்பதை 1964ல் அமெரிக்காவில் எர்ன்ஸ்ட் பியூட்னர், ராபர்ட் ஜோர்டன் என்ற இருவர் காட்டினார்கள். அது பிடிப்பது கேடெரின் குடும்பத்துப் புரதத்தைத்தான் என்று 1991ல் மசயூகி அமகாயும் ஜான் ஸ்டான்லியும் கண்டுபிடித்தார்கள். அந்த ஆன்டிபாடி அம்மாவின் ரத்தத்தில், அம்மாவின் உடம்பே உண்டாக்கியது. டம்ளர் வழியாக எப்படி இன்னொருவருக்குப் போகும்? போகாது.

ஏன் அம்மாவுக்கு மட்டும் வந்தது என்றால், சிலருக்கு மரபிலேயே இதற்கு ஒரு சாய்வு இருக்கிறது, அதன் மேல் ஏதோ ஒன்று தூண்டிவிடுகிறது. அது இன்னதென்று பெரும்பாலானவர்களிடம் பிடிபடுவதில்லை. சில மருந்துகள் தூண்டும் என்பது நன்றாகத் தெரிந்தது, பெனிசிலமின், பிரஷருக்குக் கொடுக்கும் கேப்டோப்ரில் இரண்டும் அதில் உண்டு. அதனால் அம்மா ஏற்கெனவே பிரஷருக்கோ மூட்டு வலிக்கோ மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், அட்டையையே எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். மற்றபடி அம்மா சாப்பிட்ட எதனாலும், செய்த எதனாலும் வந்ததில்லை, சூட்டினாலும் வந்ததில்லை.

ஏன் வாயில் ஆரம்பித்தது? டெஸ்மோக்ளீன் ஒன்றல்ல, நான்கு ரகம் இருக்கிறது. வாயின் உள்தோலில் பிடிக்குப் பெரும்பாலும் டெஸ்மோக்ளீன் 3 தான் பொறுப்பு. உடம்புத் தோலில் 3-ம் உண்டு, டெஸ்மோக்ளீன் 1-ம் உண்டு. முதலில் அம்மாவின் ஆன்டிபாடி 3-ஐ மட்டும் பிடித்திருக்கும், வாயில் அதை விட்டால் தாங்க ஆளில்லை, புண்ணாகிவிட்டது. உடம்பில் 1 தாங்கிக்கொண்டது, அதனால் மாதக்கணக்கில் தோலில் ஒன்றுமே தெரியவில்லை. அப்புறம் 1-க்கும் ஆன்டிபாடி வந்ததும் மார்பிலும் முதுகிலும் கொப்புளம் வந்துவிட்டது. நீங்கள் எழுதியிருக்கிற வரிசை பெம்ஃபிகஸ் வல்காரிஸ் என்ற வகையில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கிற வரிசைதான். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், வாய்ப்புண் இரண்டு மூன்று வாரத்தில் ஆறவில்லை என்றால் பி காம்ப்ளக்ஸ் வாங்கிக்கொண்டு உட்காராதீர்கள், வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கிற ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். அது பெம்ஃபிகஸாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம், இரண்டுமே சீக்கிரம் பிடிக்க வேண்டியவை.

அக்கி எழுதியது பற்றி. நம் மாவட்டத்தில் இன்னும் பரவலாக நடக்கிறது, கொப்புளத்தின் மேல் காவியைக் குழைத்து எழுதுவார்கள், பல பேர் எனக்கு அதில்தான் ஆறியது என்று சத்தியம் பண்ணுவார்கள். நிஜமான அக்கி என்பது சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமி நரம்பில் பதுங்கியிருந்து பிறகு கிளம்புவது. உடம்பின் ஒரு பக்கம் மட்டும், பட்டையாக, எரிச்சலோடு வரும், பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானே வற்றிவிடும். எழுதினாலும் வற்றும், எழுதாவிட்டாலும் வற்றும். பெம்ஃபிகஸ் இரண்டு பக்கமும் வரும், தானாக வற்றாது. உடைந்த கொப்புளத்தின் மேல் மண் பட்டால் சீழ் பிடிக்க வழியாகிவிடும். எழுதியது எழுதியதாக இருக்கட்டும், இனி வேண்டாம்.

அம்மாவுக்கு எடுத்த டெஸ்ட்டில் என்ன பார்த்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பயாலஜி படித்தவர் என்பதால். புதுக் கொப்புளத்தின் அடியை மெல்லச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயம் ஏற்றிப் பார்ப்போம். நல்ல தோல் செல் பல கோணங்களோடு, பக்கத்துச் செல்லோடு ஒட்டி வரிசையாக இருக்கும். பெம்ஃபிகஸில் பிடி விட்ட செல்கள் மூலை மழுங்கி, உருண்டையாக, பெரிய உட்கருவோடு தனித்தனியே மிதக்கும். ஒரு தடவை பார்த்தவர்களுக்கு அது மறக்காது. சதைத் துண்டை வெட்டிப் பார்த்தால் இன்னும் தெளிவு, பிளவு தோலின் அடி வரிசைக்குச் சற்று மேலே இருக்கும், அடி வரிசைச் செல்கள் தரையைப் பிடித்தபடி அப்படியே நிற்கும். காரணம், அவை கீழே பிடித்திருப்பது டெஸ்மோக்ளீனால் இல்லை, ஹெமிடெஸ்மோசோம் என்ற வேறு இணைப்பால், அதை இந்த ஆன்டிபாடி தொடுவதில்லை. (அந்த அடிப் பிடியை அறுக்கிற நோய் வேறு, புல்லஸ் பெம்ஃபிகாய்டு, பெரும்பாலும் வயதானவர்களுக்கு வரும், கொப்புளம் தடித்து இறுக்கமாக இருக்கும்.) அடி வரிசை பத்திரமாக இருப்பதால்தான் அம்மாவின் புண் ஆறினால் குழித் தழும்பு விழாது. கருமையாகக் கறை மட்டும் கொஞ்ச காலம் இருக்கும். இன்னொரு டெஸ்ட்டில் ஒளிரும் சாயம் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு செல்லின் ஓரத்தையும் சுற்றிப் பச்சைக் கோடு தெரியும், ஆன்டிபாடி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். கொப்புளத்துக்குப் பக்கத்து நல்ல தோலைக் கட்டைவிரலால் அழுத்தித் தள்ளினால் மேல் தோல் வழுக்கிக்கொண்டு வரும், டாக்டர் அதையும் செய்து பார்த்திருப்பார். வீட்டில் யாரும் அதைச் செய்து பார்க்கக் கூடாது.

இதயம் பற்றிப் பயப்பட வேண்டாம். இதயத்திலும் டெஸ்மோசோம் இருக்கிறது, நீங்கள் படித்தது சரிதான், ஆனால் அங்கே இருப்பது டெஸ்மோக்ளீன் 2. அம்மாவின் ஆன்டிபாடி பிடிப்பது 3-ஐயும் 1-ஐயும். உள்தகட்டுப் புரதங்களில் பிறவிக் குறை இருந்தால் இதயம் கெடும், கிரேக்க நாட்டின் நாக்ஸோஸ் தீவில் அப்படி ஒரு குடும்ப நோய் இருக்கிறது, சுருண்ட கம்பளி மாதிரி முடி, தடித்த உள்ளங்கை, துடிப்புக் கோளாறு மூன்றும் சேர்ந்து வரும். அது ஜீன் கோளாறு. அம்மாவுக்கு வந்தது அது இல்லை.

சித்தி மகனின் குழந்தை விஷயம் தனி. பிறவிக் காது கேளாமையில் அடிக்கடி பார்க்கிற ஒரு காரணம் கனெக்சின் 26 என்ற புரதத்தின் ஜீனில் குறை. மேலே சொன்னேனே கேப் ஜங்ஷன், அந்தக் குழாயைக் கட்டுகிற புரதங்களில் ஒன்று அது. உள்காதில் அந்தக் குழாய்கள் வழியாக பொட்டாசியம் சுற்றிவர வேண்டும், அது நடக்காவிட்டால் கேட்காது. இந்தக் குறை பெரும்பாலும் அப்பா, அம்மா இரண்டு பேரிடமிருந்தும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தால்தான் வெளிப்படும், அதனால்தான் அக்காள் மகள், மாமன் மகன் என்று நெருங்கிய சொந்தத்தில் கட்டுகிற குடும்பங்களில் கூடுதலாகத் தெரியும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் சொந்தத்தில் கட்டுவது இன்னும் நடப்பதால் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. உங்கள் அம்மாவின் நோய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, இரண்டும் செல் இணைப்பு என்ற ஒரே பெயருக்குள் வருகிற வெவ்வேறு கதைகள். பெம்ஃபிகஸ் அம்மாவிடமிருந்து மகளுக்கு நேராக இறங்குகிற நோய் இல்லை, உங்களுக்கு வரும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஆனால் அந்தக் குழந்தைக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. சின்னக் குழந்தை என்றால் நாள் கடத்தாமல் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டச் சொல்லுங்கள், உள்காதில் கருவி பொருத்துகிற காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவை சிகிச்சை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே சிறு குழந்தைகளுக்குச் செய்கிறார்கள், வயது ஏற ஏற அதன் பலன் குறைந்துகொண்டே போகும்.

இனி ஸ்டீராய்டு. நிறுத்தாதீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குப் பயமாக இருந்த வரி இதுதான், அதனால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். 1950களில் ஸ்டீராய்டு வருவதற்கு முன்னால் இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலானோர் சில வருடங்களுக்குள் இறந்துபோனார்கள், உடம்பெல்லாம் தோல் உரிந்து, நீரும் புரதமும் வெளியேறி, கிருமி ரத்தத்தில் கலந்து. அதை மாற்றிய மருந்து இது. நேரடியாகக் கிட்னியைக் கெடுக்கிற மருந்து இல்லை, சர்க்கரையையும் பிரஷரையும் ஏற்றும், அவற்றைக் கவனிக்காமல் விட்டால் கிட்னி கெடும். கடையில் நாமாக வாங்கிப் போடுகிற வலி மாத்திரைகள்தான் கிட்னிக்கு நேரடி ஆபத்து, அதை யாரும் பேசுவதில்லை. இன்னொன்று, பல வாரம் வைசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டபின் அட்ரினல் சுரப்பி தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்துவிடும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் உடம்பில் இரண்டும் இல்லாமல் போய், வாந்தி, மயக்கம், பிரஷர் இறங்குவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். குறைப்பதென்றால் டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான். காலையில் சாப்பிட்டபின் கொடுங்கள். மாத்திரை ஆரம்பித்து இரண்டு வாரமாகியும் பழைய புண் முழுதாக ஆறவில்லையே என்று மனம் விட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே உண்டான ஆன்டிபாடி ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும், புதிதாகக் கொப்புளம் வருவது நின்றிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், அதுதான் மருந்து கேட்கிறது என்பதற்கு முதல் அடையாளம்.

ஸ்டீராய்டின் அளவைச் சீக்கிரம் குறைக்கத்தான் கூடவே வேறு மருந்து சேர்ப்பார்கள். அசத்தயோப்ரின் என்றால் ரத்த அணுக்கள், ஈரல் டெஸ்ட் அவ்வப்போது பார்க்க வேண்டும். டெல்லி எய்ம்ஸில் டாக்டர் பஸ்ரிச்சா 1980களில் கொண்டுவந்த முறை ஒன்று உண்டு, மாதம் மூன்று நாள் டெக்ஸாமெத்தசோன், அதில் ஒரு நாள் சைக்ளோஃபாஸ்ஃபமைடு, டிரிப்பில் ஏற்றுவது, நம் நாட்டில் எத்தனையோ பேரை அது காப்பாற்றியிருக்கிறது. இப்போது ரிட்டுக்சிமாப் ஊசி இருக்கிறது. ஆன்டிபாடி செய்கிற செல்களுக்கு மூலமான பி செல்களையே அது அழிக்கிறது, அமெரிக்காவில் 2018ல் பெம்ஃபிகஸுக்கு அனுமதி கிடைத்தது, மருந்து இந்தியாவிலேயே தயாராகிறது. போடுவதற்கு முன் மஞ்சள் காமாலை பி, காச நோய் இரண்டுக்கும் டெஸ்ட் செய்தே ஆக வேண்டும். அம்மாவுக்கு இது சரிப்படுமா என்று டாக்டரிடமும், செலவுக்குக் காப்பீட்டுத் திட்டத்தில் வழியுண்டா என்று மருத்துவமனைக் காப்பீட்டு கவுண்டரிலும் கேளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது. பிடி தளர்ந்த தோல் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி உங்களுக்கே தோன்றும். துண்டால் தேய்த்துத் துடைக்காதீர்கள், ஒற்றி எடுங்கள். பிளாஸ்திரி ஒட்டவே கூடாது, உரிக்கும்போது நல்ல தோலும் சேர்ந்து வரும். சேலையை இடுப்பில் இறுக்கிச் செருக வேண்டாம், தொளதொளவென்று பருத்தி நைட்டி போதும். புண்ணில் துணி ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் காய்ச்சி ஆறிய தண்ணீரை ஊற்றி ஊறவைத்துத்தான் எடுக்க வேண்டும். முதுகுப் புண் கசிந்து படுக்கையில் ஒட்டுகிறது என்றால் வாழையிலை நல்ல வழி, எங்கள் வார்டுகளிலேயே பயன்படுத்துகிறோம். இளம் இலையை நன்றாகக் கழுவி, ஆவியில் வாட்டி ஆறவைத்து, வழவழப்பான பக்கத்தில் லேசாக எண்ணெய் தடவிப் படுக்கையில் விரியுங்கள், தினம் மாற்றுங்கள். பெர்மாங்கனேட் தண்ணீரில் ஒத்தடம் சொல்லியிருந்தால், தண்ணீர் வெளிர் ரோஸ் நிறத்துக்கு மேல் போகக் கூடாது, ஒரு துகள்கூடக் கரையாமல் இருக்கக் கூடாது, கரையாத துகள் தோலைச் சுட்டுவிடும்.

வாய்க்கு, சாப்பிடுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் மரத்துப்போகிற ஜெல்லை டாக்டரிடம் கேட்டு வாங்கித் தடவினால் நாலு வாய் கூடுதலாக இறங்கும். கேழ்வரகுக் கூழ் நல்லது, ஆனால் புளிக்காததாக, ஆறியதாக, புளிக்காத மோர் விட்டு. களி வேண்டுமென்று கேட்டால் காரக் குழம்பை விட்டுவிட்டு நெய் ஊற்றிய பருப்போடு பிசைந்து கொடுங்கள். நிலக்கடலை, முறுக்கு, அப்பளம், மாங்காய், எலுமிச்சை எதுவும் வேண்டாம். மாம்பழம் இனிப்பானது எரியாது, ஆனால் ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றுகிற நேரம், சர்க்கரை பார்த்துவிட்டு ஒரு துண்டோடு நிறுத்துங்கள். புண் வழியாகப் புரதம் போய்க்கொண்டே இருப்பதால் முட்டையும் பருப்பும் கட்டாயம். வெற்றிலை பாக்கு, புகையிலை பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிட வேண்டும். நாக்கில் வெள்ளையாகத் தயிர் மாதிரி படிந்தால் அது பூஞ்சை, ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு வரும், சொன்னால் மருந்து தருவார்கள்.

புழு மனைக்குள் அம்மா இப்போதைக்குப் போக வேண்டாம். பிளீச்சிங் பவுடர், சுண்ணாம்பு, ஃபார்மலின் என்று கிருமிநாசினி தெளிக்கிற இடம், திறந்த புண்ணோடு அங்கே நிற்கவே கூடாது. தழைக்கட்டு தூக்குவதும் உச்சி வெயிலில் தோட்டத்தில் நிற்பதும் கூடாது. வெயிலே புதுக் கொப்புளத்தைத் தூண்டலாம். புண்ணெல்லாம் ஆறி, மாத்திரை குறைந்தபின் டாக்டரைக் கேட்டுத் திரும்பப் போகலாம்.

பையனைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை, அதுவும் தலைகீழாக. அவனால் அம்மாவுக்கு ஆபத்து வரலாம். மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைத்திருக்கும், அதனால் அவனுக்குக் காய்ச்சல், சளி, சின்னம்மை வந்தால் அந்த நாட்களில் மட்டும் தள்ளி இருக்கட்டும். தூக்கிக் கொடுக்கும்போது அவன் கையைக் கழுவிவிட்டுக் கொடுங்கள், அவ்வளவுதான்.

குளிரோடு காய்ச்சல், புண்ணில் சீழ் அல்லது கெட்ட வாடை, தண்ணீர்கூட விழுங்க முடியாமல் போவது, சிறுநீர் குறைவது, கறுப்பாக மலம், கண் சிவந்து கூசுவது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த தேதி வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, எது வண்டிக்குத் தோதோ அங்கே கூட்டிப் போங்கள். எங்கே போனாலும் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் இப்போது சாப்பிடுகிற வைசலோன் எத்தனை மில்லிகிராம் என்று எழுதிய சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள், இரவு டியூட்டியில் இருக்கிற டாக்டருக்கு முதலில் தேவைப்படுவது அந்த இரண்டும்தான்.